பிள்ளை யார் பொறுப்பில்? வளர்ப்புரிமைச் சட்டம் நடந்து வந்த வழி



கணவனும் மனைவியும் பிரிந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால், தோட்டத்தில் எல்லாரும் முதலில் கேட்பது, "பிள்ளைகள் யாரிடம்?" என்பதுதான். பாத்திரம் பண்டங்களைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். நகையை நிறுத்துப் பிரித்துக்கொள்ளலாம். பிள்ளையை அப்படிப் பிரிக்க முடியுமா? முடியாது. இந்தக் கேள்விக்கு நம் நாட்டுச் சட்டம் எக்காலத்திலும் ஒரே பதிலைச் சொல்லி வந்ததில்லை. நம் பாட்டன் காலத்தில் ஒன்று சொன்னது. பெற்றோர் காலத்தில் வேறொன்று சொன்னது. இன்று மற்றொன்று சொல்கிறது. அது ஏன் மாறியது, எப்படி மாறியது, கோலசிலாங்கூரிலும் சிலாங்கூரின் வட பகுதியிலும் உள்ள தோட்டக் குடும்பங்களை அது எவ்வாறு தொட்டது என்பதையே இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பிள்ளை எந்தக் கூரையின் கீழ் தூங்குகிறது, யார் கையால் சாப்பிடுகிறது என்பது வளர்ப்புரிமை. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும், கடப்பிதழ் எடுக்கவும், அதன் சொத்தைப் பார்த்துக்கொள்ளவும் யாருடைய கையெழுத்து செல்லும் என்பது காப்பாளர் உரிமை. பிள்ளை தாயிடம் இருக்கும்; ஆனால் கையெழுத்து மட்டும் தகப்பனுடையதாக இருக்கும். நெடுங்காலம் நம் நாட்டிலும் நிலைமை இதுதான்.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்த ஊர் இன்று பெஸ்தாரி ஜெயா. அதன் அருகில் உள்ளது தென்னமரம் தோட்டம். 1917-ஆம் ஆண்டில் ஆன்ரி ஃபொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டத்தை அங்கேதான் தொடங்கினார். சுற்றிலும் ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான் என்று எங்கு பார்த்தாலும் ரப்பர்க் காடு. அந்தக் காடுகளில் பால் வெட்ட சேலம், திருச்சி, தஞ்சாவூர், வட ஆர்க்காடு பகுதிகளிலிருந்து கங்காணிகள் ஆள் கட்டி அழைத்து வந்தார்கள். தொடக்கத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள். பின்னர்தான் பெண்களும் குழந்தைகளும் கூடுதலாக வந்து, லயங்களில் குடும்பங்கள் வேர் விட்டன.

ஊரில் குடும்பம் என்றால் தாத்தா, பாட்டி, பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், அத்தை என்று ஒரு பெரிய ஆலமரம். கப்பலேறியபோது அந்த மரத்தின் பாதிக் கிளைகள் அக்கரையிலேயே நின்றுவிட்டன. வந்த இடத்தில் ஒரே கப்பலில் வந்தவரை அண்ணன் என்றும், பக்கத்து வீட்டுக்காரியை அக்கா என்றும் முறை வைத்துக்கொண்டு புதிய உறவைக் கட்டிக்கொண்டார்கள்.

தோட்டத்தில் இன்னொரு மாறுதலும் நேர்ந்தது. கணவனைப் போலவே மனைவியின் பெயரும் செக்ரோலில் ஏறியது. 1920-களின் இறுதியில் அரசு நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பத்துக் காசு குறைவுதான். ஆயினும் அவள் பேருக்கென்று ஒரு சம்பளம் வந்தது. தன் பிள்ளைக்குத் தன் உழைப்பால் சோறு போடத் தன்னால் முடியும் என்று ஒரு தாய் அறிந்துகொண்டாள். ஆனால் வீடு வேலையோடு ஒட்டிய வீடு. கணவனோடு பிணக்கு ஏற்பட்டு லயத்தை விட்டு வெளியேறினால், தலைக்கு மேல் கூரையும் போய்விடும். சம்பளம் உண்டு, வீடு இல்லை. பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்ள நினைத்த தாய்க்குச் சட்டத்துக்கும் முன்பே தடையாக நின்றது இந்த நிலைமைதான்.

விடியற்காலைப் பெரட்டுக்கு முன்பே கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரக் காட்டுக்குப் போவார்கள். ஆகவே, தோட்டத்துப் பிள்ளையைப் பல கைகள் வளர்த்தன. பெற்றவர் பிரிந்தால் தீர்ப்புச் சொன்னவர்கள் கங்காணியும், கோயில் பெரியவர்களும், பஞ்சாயத்தாரும். பெரும்பாலும் பால்குடி மறக்கும் வரை பிள்ளை தாயிடம் இருக்கட்டும், பிறகு அப்பன் வீட்டுக்குப் போகட்டும் என்பதே முடிவாக இருந்தது. "பிள்ளை யாருடையது?" என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. "பிள்ளை அப்பனுடையது" என்பது பதில். இந்தக் கேள்வியைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஆட்கள்தாம் பழமையில் ஊறியவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். நம்மை ஆண்ட வெள்ளைக்காரர்களின் நாட்டிலும் அதே கேள்வி, அதே பதில்தான் இருந்தது. கரோலைன் நார்ட்டன் என்ற எழுத்தாளர் 1836-ஆம் ஆண்டில் கணவரைப் பிரிந்தபோது, அவருடைய மூன்று ஆண் பிள்ளைகளையும் கணவர் எடுத்துக்கொண்டார். தாய்க்குப் பிள்ளைகளைப் பார்க்கும் உரிமைகூட அந்நாட்டுச் சட்டத்தில் அன்று இல்லை. அந்த அம்மையார் எழுதினார், வாதாடினார், நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தேடிப் போனார். அதன் பயனாக 1839-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைத் தன்னிடம் விடும்படி ஒரு தாய் நீதிமன்றத்தைக் கேட்கலாம் என்றது அது. 1925-ஆம் ஆண்டில் இன்னொரு சட்டம், பிள்ளையின் நலனே முதன்மையானது என்று அறிவித்தது. தகப்பனுக்கும் தாய்க்கும் சமமான காப்பாளர் உரிமை அங்கு வந்தது 1973-ஆம் ஆண்டில்தான்.

தமிழகத்திலும் கதை இதைப் போன்றதே. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்புச் சட்டம், தகப்பனே இயற்கைக் காப்பாளர், அவருக்குப் பிறகு தாய் என்றது. ஐந்து வயது நிரம்பாத பிள்ளை மட்டும் பொதுவாகத் தாயிடம் இருக்கலாம் என்றது. "அவருக்குப் பிறகு" என்றால் தகப்பன் இறந்த பிறகு என்று மட்டும் பொருளல்ல, அவர் பொறுப்பில் இல்லாதபோதும் தாயே காப்பாளர் என்று இந்திய உச்ச நீதிமன்றம் விளக்கியது 1999-இல்.

நம் தோட்டங்களுக்குத் திரும்புவோம். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி. சயாம் ரயில் பாதை போட ஆயிரமாயிரம் தமிழர்களைத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோனார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை. தகப்பனை இழந்த பிள்ளைகளும், இருவரையும் இழந்த பிள்ளைகளும் லயங்களில் நின்றார்கள். அத்தையும், பெரியம்மாவும், உறவே இல்லாத பக்கத்து வீட்டுக்காரரும் அவர்களை எடுத்து வளர்த்தார்கள். எந்த நீதிமன்றமும் உத்தரவு போடவில்லை. எந்தத் தாளிலும் யாரும் கையெழுத்திடவில்லை. "நம்ம பிள்ளை" என்ற ஒரு சொல்லே அன்று சட்டமாக இருந்தது.

ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளி வயது வந்து, அடையாளக் கார்டு எடுக்கும் வயது வந்தபோது, "உன் தகப்பன் யார்? பத்திரம் எங்கே?" என்று இலாகாக்கள் கேட்டன. வாய்ச்சொல் அங்கே செல்லவில்லை. 1952-ஆம் ஆண்டில் தத்தெடுப்புக்கென இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, நீதிமன்றத்தின் வழியாகத் தத்தெடுப்பது. மற்றொன்று, தத்துப் பதிவு பற்றியது. 18 வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளையைத் தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் சோறு போட்டுப் படிக்க வைத்து வளர்த்திருந்தால், அந்த வளர்ப்பைப் பதிவு செய்துகொள்ளலாம் என்றது அது. தோட்டத்தில் நாம் செய்துவந்த காரியத்துக்குச் சட்டத்தில் கிடைத்த வாசல் என்று இதைக் கூறலாம். இன்றும் அந்த வாசல் திறந்தே இருக்கிறது.

பிரிந்த தாய்மாருக்கு அந்நாளில் என்ன வழி? 1950-ஆம் ஆண்டில், மனைவி மக்களுக்குச் செலவுப் பணம் தராத கணவனை நீதிமன்றத்துக்கு அழைக்கும் சட்டம் வந்தது. முறையாகத் திருமணம் ஆகாத பெண்ணுக்குப் பிறந்த பிள்ளைக்கும் தகப்பன் செலவுப் பணம் தரவேண்டும் என்று அது விதித்தது. ஆனால் 1952-ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டமோ, ஒருவனுக்கு ஒருத்தி என்ற முறையில் நடந்த திருமணங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. கோயிலில் தாலி கட்டிய நம் திருமணம் சமய வழக்கப்படியான திருமணம். அன்று இந்து ஆடவர் ஒருவர் இரண்டாம் தாரம் கட்டுவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆகவே அந்த மணமுறிவு நீதிமன்றத்தின் கதவு நம் பெண்களுக்குத் திறக்கவில்லை.

1961-ஆம் ஆண்டில் இளவர் காப்பாளர் சட்டம் வந்தது. அதில் இரண்டு குரல்கள் கேட்டன. பிள்ளையின் காப்பாளர் தகப்பனே என்றது ஒரு பிரிவு. நீதிமன்றம் முதன்மையாகப் பார்க்கவேண்டியது பிள்ளையின் நலனை என்றது இன்னொரு பிரிவு. பழைய கேள்வியும் புதிய கேள்வியும் ஒரே சட்டத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. நீதிபதி பிள்ளையைத் தாயிடம் ஒப்படைக்கலாம். ஆனால் நீதிமன்றப் படியேறாத தாய்க்குச் சட்டத்தின்படி கையெழுத்து உரிமை இல்லை.

இதற்கிடையில் 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்கள் வேலை செய்ய உரிமச் சீட்டு வாங்கவேண்டும் என்றானது. அது கிடைக்காதவர்கள் ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளைக் கூடவே அழைத்துப் போனவர்கள் உண்டு. உறவினரிடம் விட்டுப் போனவர்களும் உண்டு. குடும்பத்தைப் பிரிப்பது கணவன் மனைவி சண்டை மட்டுமல்ல, ஒரு தாளும் பிரிக்கும் என்று நம் மக்கள் அன்று கண்டார்கள்.

1970-களின் தொடக்கத்தில், இஸ்லாமியர் அல்லாதாரின் திருமணச் சட்டங்களை ஆராய ஓர் அரச ஆணைக்குழு அமைக்கப்பட்டது. இனத்துக்கு ஒரு வழக்கம், சமயத்துக்கு ஒரு வழக்கம் என்று சிதறிக் கிடந்த சட்டங்களை ஒன்றாக்குவது நோக்கம். அதன் விளைவே 1976-ஆம் ஆண்டின் திருமண, மணமுறிவுச் சட்டம். அது 1982-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் நடப்புக்கு வந்தது. அன்றுமுதல் இஸ்லாமியர் அல்லாதார் ஒருவனுக்கு ஒருத்தி என்ற முறைப்படியே மணக்கவேண்டும்; திருமணத்தைப் பதிவு செய்யவேண்டும். அதற்கு முன் வழக்கப்படி நடந்து நிலைத்திருந்த திருமணங்கள் பதிவானவையாகவே கருதப்பட்டன. கோயில் மணவறையில் உட்கார்ந்த தோட்டத்துப் பெண்ணுக்கும் உயர் நீதிமன்றத்தின் கதவு அன்று திறந்தது.

அந்தச் சட்டத்தின் 88-ஆம் பிரிவு வளர்ப்புரிமை பற்றியது. அதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேலானது என்று அது தொடங்குகிறது. அதற்கு உட்பட்டுப் பெற்றோரின் விருப்பத்தையும், தானாக ஒரு கருத்தைச் சொல்லும் வயது பிள்ளைக்கு வந்திருந்தால் பிள்ளையின் விருப்பத்தையும் நீதிபதி கேட்டறிய வேண்டும். ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்ற எண்ணத்தோடு அவர் தொடங்கவேண்டும். ஆனால் அது மாற்ற முடியாத விதியன்று. தகப்பன் தக்க காரணம் காட்டி மறுக்கலாம். பழகிய இடத்திலிருந்து பிள்ளையை அடிக்கடி பிடுங்கி நடுவது நல்லதல்ல என்பதையும் பார்க்கவேண்டும். பல பிள்ளைகள் இருந்தால் ஒவ்வொரு பிள்ளையின் நலனையும் தனித்தனியே எடைபோட வேண்டும். தாயும் தகப்பனும் இருவருமே தகுதியற்றவர்களாக இருக்கும் அசாதாரண நிலையில், பாட்டியிடமோ வேறு உறவினரிடமோ ஒப்படைக்கவும் வழி வைத்திருக்கிறது.

நேயர்களே, கேள்வி மாறிவிட்டதைக் கவனித்தீர்களா? "பிள்ளை யாருடையது?" என்று கேட்ட இடத்தில், "பிள்ளைக்கு எது நல்லது?" என்று கேட்கிறார்கள். பிள்ளை சொத்தாக இருந்த காலம் போய், ஓர் ஆளாக மதிக்கப்படும் காலம் வந்தது. 1977-ஆம் ஆண்டிலேயே கூட்டரசு நீதிமன்றத்தில், பின்னாளில் பேராக் சுல்தானாக விளங்கிய ராஜா அஸ்லான் ஷா நீதிபதியாக இருந்து தீர்த்த ஒரு வழக்கில், பிள்ளையின் நலனே முதலாவது என்று வலியுறுத்தப்பட்டது. பெற்றோருள் யார் மேல் குற்றம் என்று கண்டுபிடித்து, குற்றவாளிக்குத் தண்டனையாகப் பிள்ளையைப் பறிப்பதல்ல வளர்ப்புரிமை வழக்கின் வேலை.

ஆயினும் கையெழுத்துச் சிக்கல் அப்படியே இருந்தது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் "தகப்பனே காப்பாளர்" என்ற வரி இன்னும் அழியவில்லை. மகளிர் இயக்கங்கள் பல ஆண்டுகள் கோரிக்கை வைத்தன. 1995-ஆம் ஆண்டில் மலேசியா ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமை உடன்படிக்கையில் இணைந்தது. இறுதியாக 1999-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தி, பிள்ளையின் மீது தாய்க்கும் தகப்பனுக்கும் சமமான உரிமையும் அதிகாரமும் உண்டு என்று எழுதியது. நாற்பது காசுச் சம்பளத்தில் பிள்ளையை வளர்த்த பாட்டிமார் பலர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

அந்த ஒரு திருத்தம் பின்னர் எவ்வளவு தூரம் சென்றது என்பதை ஈப்போவைச் சேர்ந்த ஒரு தாயின் வழக்கு காட்டியது. 2009-ஆம் ஆண்டில் மதம் மாறிய கணவர், மூன்று பிள்ளைகளின் மதத்தையும் தாயைக் கேளாமல் மாற்றினார். கைக்குழந்தையையும் தூக்கிச் சென்றுவிட்டார். பிள்ளைகளைத் தாயிடம் ஒப்படைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்கு மேலே மேலே சென்று, 2018-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள், இரு பெற்றோரின் சம்மதமும் இல்லாமல் பிள்ளைகளின் மதத்தை மாற்றியது செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாய்க்கும் தகப்பனுக்கும் சம உரிமை என்ற சட்ட வரியும் அந்தத் தீர்ப்புக்குத் துணை நின்றது. ஆனால் உத்தரவு கைக்கு வந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் அந்தக் குழந்தை தாயிடம் வந்து சேரவில்லை. தீர்ப்பு ஒன்று, அதை நிறைவேற்றுவது இன்னொன்று என்ற கசப்பான பாடத்தையும் அவ்வழக்கு நமக்குத் தந்தது.

தமிழ் பேசும் இஸ்லாமியக் குடும்பங்களுக்கு வேறு சட்டம், வேறு நீதிமன்றம். சிலாங்கூரில் 2003-ஆம் ஆண்டின் இஸ்லாமியக் குடும்பச் சட்டப்படி ஷரியா நீதிமன்றமே விசாரிக்கும். அங்கும் இளம் பிள்ளையை வளர்க்கும் முதல் உரிமை தாய்க்கே. ஆண் பிள்ளைக்கு 7 வயது வரை, பெண் பிள்ளைக்கு 9 வயது வரை என்று அளவு வைத்திருக்கிறார்கள். வேண்டுமானால் நீதிமன்றம் அதை நீட்டலாம்.

சட்டம் இப்படி வளர்ந்துகொண்டிருக்க, குடும்பமும் சும்மா இருக்கவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, வீடமைப்புப் பகுதிகளாக மாறின. லயத்தில் ஒரே வரிசையில் இருந்த பாட்டியும், சின்னம்மாவும், மாமனும் வெவ்வேறு பட்டணங்களில் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டார்கள். அன்று பெற்றோர் பிரிந்தாலும் பிள்ளை அதே லயத்தில், அதே பள்ளியில், அதே கோயில் திருவிழாவில்தான் வளர்ந்தது. தாங்கிப் பிடிக்கப் பத்துக் கைகள் இருந்தன. இன்று இரண்டு பேர் பிரிந்தால் பிள்ளையின் உலகமே இரண்டாகிவிடுகிறது. பஞ்சாயத்து சொல்ல ஆள் இல்லாத இடத்தில்தான் நீதிமன்றம் வந்து நிற்கிறது.

ஆகவே, நாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை சில. திருமணத்தைப் பதிவு செய்யுங்கள். கோயிலில் தாலி ஏறினால் போதும் என்று விட்டுவிட்டால், முதல் துன்பம் பிள்ளைக்கே. பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் ஏறுவது சிக்கலாகும். தாய் குடியுரிமை இல்லாதவராக இருந்தால் பிள்ளையின் குடியுரிமையே கேள்விக்குறியாகும். ஏனெனில், பதிவுத் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை இந்நாட்டில் தாயின் நிலையைத்தான் பின்பற்றுகிறது.

ஒருவர் மட்டும் மணமுறிவு கேட்டால், பொதுவாக முதலில் தேசியப் பதிவிலாகாவின் சமரசக் குழுவின் முன் போகவேண்டும். இருவரும் சம்மதித்துப் பிரிவதானால் நேரே மனுச் செய்யலாம். நம் வட்டாரத்தார் போகவேண்டியது ஷா ஆலாம் உயர் நீதிமன்றம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் அரசின் சட்ட உதவி இலாகாவை நாடலாம். அது 1970-ஆம் ஆண்டிலிருந்து ஏழைகளுக்காக இயங்கி வருகிறது. பிள்ளை ஒருவரிடம் இருந்தாலும் செலவுப் பணம் தரும் கடமையிலிருந்து மற்றவர் விடுபட முடியாது. முன்பு 18 வயதோடு நின்ற அந்தக் கடமை, 2018-ஆம் ஆண்டு டிசம்பர் 15 முதல், பிள்ளை மேற்படிப்பையோ பயிற்சியையோ முடிக்கும் வரை நீள்கிறது. நம் பிள்ளைகள் கல்லூரி வாசலில் நின்று திரும்பாமல் இருக்க இது பெரிய துணை. ஒருமுறை கொடுத்த உத்தரவு கல்லில் எழுதியதும் அன்று. நிலைமை மாறினால் மாற்றும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

உறவினர் பிள்ளையை எடுத்து வளர்ப்பவர்களுக்கும் ஒரு சொல். "நம்ம பிள்ளைதானே, எதற்குப் பதிவு?" என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் அன்புக்குச் சாட்சி வேண்டியதில்லை. ஆனால் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும், மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்குக் கையெழுத்திடவும் சாட்சி வேண்டும்.

நிறைவாக ஒன்று. நீதிபதி ஒருவர் ஒரு நாளோ இரண்டு நாளோ நம் பிள்ளையைப் பற்றிக் கேட்டறிகிறார். நாம் அதனோடு ஒவ்வொரு நாளும் வாழ்கிறோம். பிரிவு தவிர்க்க முடியாததாகிவிட்டால், "நான் ஜெயிக்க வேண்டும்" என்று நினைத்துப் பிள்ளையை இழுக்காதீர்கள். "உன் அப்பன் கெட்டவன்", "உன் அம்மா ஓடிப்போனவள்" என்று அதன் காதில் ஓதாதீர்கள். பிள்ளைக்கு எது நல்லது என்ற கேள்வியைக் கேட்கச் சட்டத்துக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. பெற்றவர்களாகிய நாம் அதை இன்று இரவே, பிள்ளை தூங்கும் முகத்தைப் பார்த்துக் கேட்கலாம்.